எட்டாவது பிட்டில் இருந்த தமிழ்

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்ப ஒரு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளும் ஒரு கோப்புதான். அதை முதலில் எப்படி அனுப்புவது? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அச்சு அசல் அதுதான். பென் டிரைவும் வாட்ஸப்பும் வந்த பிறகு இப்படி ஒரு சிக்கல் இருந்ததே நமக்கு மறந்துபோய்விட்டது. 1980களில் கணினி வைத்திருந்தவர்கள் ஒரு தடவையாவது இந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சிக்கலின் வரலாற்றைச் சொல்லும்போது, அதில் தமிழ் எங்கே மாட்டிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் இரண்டு இடத்தில் மாட்டியது. ஒன்று கம்பிக்குள். இன்னொன்று கம்பியைத் தாண்டி வெளியே வந்த பிறகு.

முதலில் கம்பி. 1981-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எல்லோரும் பெரிய மெயின்ஃப்ரேம் கணினிகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம்தான் டிஸ்க் இடம். செமஸ்டர் முடிந்தால் கோப்புகளை எங்கே வைப்பது? அப்போதுதான் ஃபிளாப்பி உள்ள சின்னக் கணினிகள் வந்திருந்தன. அவற்றில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. அங்கே வேலை பார்த்த ஃபிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் அதற்கு ஒரு நெறிமுறை எழுதினார்கள். பெயர் கெர்மிட். தி மப்பெட் ஷோவில் வரும் பச்சைத் தவளை பொம்மையின் பெயர்தான். பொம்மையின் உரிமையாளர்களிடம் முறையாக அனுமதியும் வாங்கினார்கள்.

அதற்கு முன்பே 1977-ல் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் இருந்தது. 128 பைட் கொண்ட துண்டுகளாக அனுப்பும், கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கும். வீட்டுக் கணினிக்காரர்களுக்கு அது போதும். ஆனால் அது கம்பியை நம்பியது. எட்டு பிட் அனுப்பினால் எட்டும் அப்படியே போய்ச் சேரும் என்று நினைத்தது.

கெர்மிட் யாரையும் நம்பவில்லை. கொலம்பியாவின் ஐபிஎம் மெயின்ஃப்ரேமுக்குப் போகும் கம்பியில் ஏழு பிட்தான் தகவலுக்கு. எட்டாவது பிட்டைப் பிழை கண்டுபிடிக்கும் பாரிட்டி எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோல் எழுத்து எதையாவது அனுப்பினால் நடுவில் இருக்கும் இயந்திரம் அதைத் தனக்கு வந்த கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடும். நீளமான வரி அனுப்பினால் மூச்சுத் திணறும். ஆகவே கெர்மிட் எல்லாவற்றையும் விசைப்பலகையில் சாதாரணமாகத் தட்டக்கூடிய எழுத்துகளாகவே மாற்றி, நூறு எழுத்துக்குள் அடங்கும் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் "வந்தது" என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்ததை அனுப்பும். மெதுவானதுதான். வேகக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் எந்த ஓட்டைக் கம்பியிலும் போய்ச் சேர்ந்தது. 1984 ஜூன், ஜூலை பைட் இதழ்களில் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். மென்பொருள் இலவசம். நூற்றுக்கணக்கான வகைக் கணினிகளுக்கு ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்குக் கெர்மிட்டைப் பிடித்ததற்குக் காரணம் இந்தச் சந்தேகப் புத்திதான். பணக்கார ஊர்க் கம்பியை மனதில் வைத்து எழுதிய மென்பொருள் நம் ஊர் டெலிஃபோன் லைனில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐஐடி உட்பட எட்டு நிறுவனங்கள் இருந்தன. அவற்றின் ஆரம்பகால இணைப்பு டயல்-அப் மோடமில் யுயுசிபி என்ற கோப்பு நகர்த்தும் மென்பொருளை ஓட்டித்தான். 1989-ல் பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு இந்தத் திட்டம் போட்ட லைனின் வேகம் நொடிக்கு 9600 பிட். நான் செங்கல்பட்டில் ஒரு மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போட்ட ஒன்றரை மீட்டர் கேபிளின் வேகமும் அதேதான்.

அந்த மேஜைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா. அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர், இப்போது இல்லை. அவர் 1980களின் கடைசியில் வாங்கிய பிசி-எக்ஸ்டி குளோன் ஒன்று மொட்டை மாடி அறையில் கிடந்தது. "தம்பி, காயலான் கடைக்காரர் ஐந்நூறு தரேன்னு சொல்றார். அப்பா அதுல கடல்கரைச் சொல்லு எல்லாம் டைப் பண்ணி வெச்சிருந்தார். எடுக்க முடியுமான்னு ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் போடலாம்" என்றார்.

கடற்கரைச் சொல் என்றால், கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை ஒவ்வொரு குப்பமாகப் போய் மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை. சைக்கிளில் பாதி, பஸ்ஸில் பாதி. எல்லாம் 1990களில். 2004 டிசம்பர் 26-க்கு முன்பு. சுனாமிக்குப் பிறகு கரையை ஒட்டியிருந்த குடியிருப்புகள் பல உள்ளே தள்ளிப் போய்விட்டன. அவர் கேட்ட ஆட்களிடம் மறுபடி போய்க் கேட்க வழியில்லை. நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. இருப்பது இந்த டிஸ்க் மட்டும்.

"டிஸ்க்க கழட்டி உன் லேப்டாப்ல மாட்டிட்டா ஆச்சில்ல?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது 20 மெகாபைட் எம்எஃப்எம் வகை டிஸ்க். டிஸ்கில் எழுதும் முறையைத் தீர்மானிப்பது டிஸ்க் அல்ல, பெட்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அட்டை. அட்டையைப் பிரித்தால் டிஸ்க் ஊமை. ஃபிளாப்பி டிரைவோ உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சுழலவே இல்லை. ஃபிளாப்பிகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. சாரின் தமிழ் எடிட்டர் அந்த ஃபிளாப்பி ஒன்றில்தான் இருந்தது, அதனால் அங்கேயே திறந்து திரையைப் படமெடுக்கவும் முடியாது. மிச்சம் இருந்த ஒரே வாசல் பின்பக்கத்து 25 ஊசி சீரியல் போர்ட்.

கேபிளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். இந்த இடத்தில் ஒரு சின்ன அழகு உண்டு. இரண்டு கணினியை நேராக இணைக்க அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் குறுக்காக மாற்ற வேண்டும், அதைத்தான் நல் மோடம் கேபிள் என்பார்கள். ஆனால் 25 ஊசிப் போர்ட்டில் 2 அனுப்பும், 3 வாங்கும். 9 ஊசிப் போர்ட்டில் 2 வாங்கும், 3 அனுப்பும். ஆகவே 25-லிருந்து 9-க்குப் போகும்போது 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராக இழுத்தாலே குறுக்கு மாறிவிடும். 7-ஐ 5-உடன் சேர்த்தால் தரைக்கம்பி. மூன்றே மூன்று கம்பி. கடைக்காரர் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "இதையெல்லாம் கேட்டு ஆள் வந்து பத்து வருஷம் ஆச்சு" என்று உள்ளேயிருந்து ஒரு தூசுப் பெட்டியை எடுத்தார்.

கம்பி தயார். என் லேப்டாப்பில் கெர்மிட் இருக்கிறது. எதிர்ப்பக்கம் டாஸ் 3.3 மட்டும். இப்போதுதான் பைத்தியமும் கல்யாணமும்.

இந்த முடிச்சை அந்தக் காலத்து ஆட்கள் அவிழ்த்த விதங்கள் தனி வரலாறு. டாஸில் சீரியல் போர்ட்டிலிருந்து நேராகக் கோப்புக்குக் காப்பி செய்ய ஒரு கட்டளை உண்டு. ஆனால் 26 என்ற எண்ணுள்ள பைட் வந்ததும் "கோப்பு முடிந்தது" என்று நினைத்து நிறுத்திவிடும். நிரல் கோப்புக்குள் 26 எங்கு வேண்டுமானாலும் வரும். மைக்ரோசாஃப்ட் 1993-ல் டாஸ் 6-உடன் கொடுத்த இன்டர்சர்வர் இன்னும் சாமர்த்தியம். எதிர்க்கணினியில் சிடிடிஒய் என்ற கட்டளையைத் தட்டச் சொல்லும். அது விசைப்பலகையின் அதிகாரத்தைச் சீரியல் போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடும். அதன்பின் இந்தப் பக்கத்துக் கணினி பேய் பிடித்தது போல அந்தப் பக்கத்தில் தானே தட்டச்சு செய்து தன் பிரதியை அங்கே உருவாக்கிக்கொள்ளும்.

கெர்மிட்காரர்களின் வழி எல்லாவற்றிலும் எளிமை. நிரல் கோப்பை மூன்று மூன்று பைட்டாக எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் தட்டக்கூடிய நான்கு எழுத்துகளாக மாற்றிவிடுவார்கள். அதற்கு பூ கோப்பு என்று பெயர், பூட்ஸ்டிராப்பின் சுருக்கம். இப்போது அது வெறும் எழுத்துக் கோப்பு, 26 இல்லை, கன்ட்ரோல் எதுவும் இல்லை. அதைத் திரும்ப நிரலாக்க ஒரு சின்ன பேசிக் நிரல் போதும். அந்தப் பேசிக் நிரலை மட்டும் மனிதன் கையால் தட்ட வேண்டும். முடிச்சின் ஒரு நுனி கடைசியில் மனித விரலில் வந்து நிற்கிறது.

நல்லவேளையாக டிஸ்கில் ஜிடபிள்யூ-பேசிக் இருந்தது. கம்பியிலிருந்து வாங்கிச் சேமிக்க ஒரு நிரல், பூ-வை அவிழ்க்க ஒரு நிரல், இரண்டையும் தட்டினேன். சாரின் விசைப்பலகையில் "ட" இருந்த இடத்தில் அவர் ஒட்டிய காகிதத் துண்டு இன்னும் உரியாமல் இருந்தது. வேகத்தை 300-ல் வைத்தேன், அதாவது நொடிக்கு 30 எழுத்து. ஒரு லட்சம் எழுத்துக்கு 55 நிமிடம். அக்கா இரண்டு தடவை டீ கொண்டுவந்தார்.

அவிழ்த்து ஓட்டியதும் கெர்மிட்டின் வரவேற்பு வரி திரையில் பச்சை எழுத்தில் வந்தது. டிஸ்க் சூடாக அரை மணி நேரம் விட்டேன். பழைய ஸ்டெப்பர் மோட்டார் டிஸ்குகள் குளிர்ந்திருக்கும்போது தடம் விலகும், சூடானால் கொஞ்சம் வழிக்கு வரும். பிறகு 9600-ல் ஒவ்வொரு கோப்பாக.

இங்கே தமிழின் முதல் மாட்டலைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் முழுவதும் ஏழு பிட்டுக்குள், அதாவது 128 இடத்துக்குள் அடங்கிவிடும். தமிழுக்குக் கிடைத்தது எட்டாவது பிட்டைப் போட்டால் திறக்கும் மேல்மாடி. 1991-ன் இந்திய அரசு தரமான இஸ்கியும் அங்கேதான், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாப் குறியேற்றமும் அங்கேதான், உலகத் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி உருவாக்கிய திஸ்கியும் அங்கேதான். திஸ்கியில் "கொ" என்பது மூன்று பைட்: கொம்பு, க, கால். ஏழு பிட் கம்பியில் போனால் ஒவ்வொன்றின் தலையும் சீவப்பட்டு, எதிர்ப்பக்கம் வந்து நிற்பது &8! என்ற மூன்று குறிகள். ஒரு கடிதம் முழுக்க இப்படி ஆனால் யாருக்குப் புரியும்? சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தன் மயிலை எழுத்துருவில் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே, கீழ்மாடியில் குடிவைத்ததன் காரணம் இதுதான். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்ப நூல்கள் அந்த எழுத்துருவிலும் வந்தன.

கெர்மிட்டோ மேல்மாடி பைட்டைப் பார்த்ததும் முன்னால் ஒரு & போட்டு, தலையைக் கழற்றித் தனியாக அனுப்பும். எதிர்ப்பக்கம் மறுபடி மாட்டிக்கொள்ளும். "கொ"வின் கொம்பு தலை இழந்தால் அதுவே & ஆகிவிடுகிறது, அதற்குக் காவலாக ஒரு # கூட. ஆக மூன்று பைட் "கொ" கம்பியில் &#&&8&! என்று ஏழு எழுத்தாகப் போகும். பாதிக்குமேல் சுமைக்கூலி. ஜப்பானிய, ரஷ்ய எழுத்துகளுக்கும் இதே பாடு என்பதால், மேல்மாடிக்குப் போகிறேன், இனி சொல்லும்வரை அங்கேயேதான் என்று ஒரே தடவை அறிவிக்கும் வசதியைப் பின்னால் சேர்த்தார்கள். எங்கள் மூன்று கம்பியில் எட்டு பிட்டும் போகும் என்பதால் இந்தச் சுமை எதுவும் இல்லாமலே கோப்புகள் வந்தன. சரிபார்ப்பு எண்கள் எல்லாம் பொருந்தின. ஒரு பைட் கூடச் சேதமில்லை.

திறந்தால் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

இதுதான் இரண்டாவது மாட்டல். கெர்மிட் பைட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த பைட் எந்தத் தமிழெழுத்து என்று சொல்வது அதன் வேலை இல்லை. 1984-ல் கனடாவில் ஸ்ரீனிவாசன் ஆதமியை எழுதினார், அடுத்த ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஊருக்கொரு மென்பொருள், மென்பொருளுக்கொரு எழுத்து வரிசை. சாரின் கோப்புகள் திஸ்கியும் இல்லை, இஸ்கியும் இல்லை, டாப்பும் இல்லை. போட்டுப் பார்த்துவிட்டேன். வரிசை அந்தப் பூஞ்சை பிடித்த ஃபிளாப்பிக்குள் இருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் என்று ஒரு குடைவரை உண்டு. புலிக்குகை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். பல்லவ அரசன் ஒருவன் ஏறக்குறைய ஒரே வடமொழிச் செய்யுள்களை ஒரு பக்கச் சுவரில் கிரந்தத்திலும் மறுபக்கச் சுவரில் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறான். ஒன்று தெரிந்தவர் இன்னொன்றைப் படித்துவிடலாம். 1890-ல் ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இரண்டையும் பதிப்பித்தார். எனக்கு வேண்டியிருந்தது அப்படி ஒரு எதிர்ச்சுவர். சாரின் டிஸ்கில் ஏதோ ஒரு கோப்பாவது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடமாக இருக்க வேண்டும்.

எந்தத் தமிழ்க் குறியேற்றத்திலும் மாறாத ஒன்று இடைவெளி. அதன் எண் எப்போதும் 32. அதனால் எழுத்துகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோப்பிலும் வரிக்கு எத்தனை சொல் என்று மட்டும் எண்ணச் சொன்னேன். ஒரு கோப்பில் இப்படி வந்தது: 4, 3, 4, 3, 4, 3. பத்து ஜோடிக்குப் பிறகு ஒரு காலி வரி, ஒரு தலைப்பு, மறுபடி 4, 3.

எழுந்து நின்றுவிட்டேன். ஒரு எழுத்துகூடத் தெரியாமல், இடைவெளியை மட்டும் வைத்து அது திருக்குறள் என்று தெரிந்தது. தமிழாசிரியர் இல்லையா, சீர் பிரித்துத்தான் அடித்திருக்கிறார். பதம் பிரித்து அடித்திருந்தால் இந்த எண்ணிக்கையே வந்திருக்காது. புது மென்பொருளில் கை பழகுவதற்காக மனப்பாடமாக இருந்ததை அடித்துப் பார்த்திருக்க வேண்டும். இருபது அதிகாரம், 1400 சீர்.

அதன்பிறகு பொறுமை வேலைதான். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து சீருக்குச் சீர் பொருத்தினால் பைட்டுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. புள்ளி வைத்த எழுத்துகளுக்குத் தனி இடம். கொம்பு எழுத்துக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் வரிசையில். உகரங்கள்தான் படுத்தின, கு-வுக்கும் து-வுக்கும் மு-வுக்கும் தனித்தனி எண். இரண்டு நாளில் அட்டவணை ஏறக்குறைய நிரம்பியது. அதைச் சொல்லகராதிக் கோப்பின் மேல் போட்டேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகள் வரிசையாக எழுந்து வந்தன. கரைவலை, அதன் உறுப்புகள். வஞ்சிரம், காரப்பொடி, நெத்திலி. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்தக் குப்பத்தில் கேட்டது, சொன்னவருக்கு என்ன வயது என்பது வரை.

அங்கங்கே கட்டங்கள் மட்டும் மிச்சம். குறளில் வராத எழுத்துகள் அவை. குறளில் ஜ கிடையாது, ஸ கிடையாது, ஷ கிடையாது. கடலின் பழைய சொற்கள் எல்லாம் வள்ளுவரை வைத்தே படித்தாகிவிட்டது, நின்றுபோனவை புதிதாகக் கரைக்கு வந்த சொற்கள். "ஐ" என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டம், அதற்குப் பின்னால் "பெட்டி" என்று இருந்ததை அக்கா பார்த்த மாத்திரத்தில், "ஐஸ் பெட்டிப்பா" என்றார். ஸ் கிடைத்தது. "இஞ்"சுக்குப் பின்னால் நின்ற கட்டம் இஞ்ஜினுடையது. ஷ-வைத் தந்தது ஒரு ஊர்ப்பெயர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டுக்கு முன்னால் அவர் அடிக்கடி போயிருக்கிறார், பதினேழு இடத்தில் அந்தப் பெயர் வருகிறது: வெண்புருஷம்.

யூனிகோடில் மாற்றியபோது கோப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு பெருத்தது. மாற்றாத பைட்டுகளையும் அட்டவணையையும் சேர்த்தே அக்காவிடம் மூன்று பிரதி கொடுத்திருக்கிறேன். காயலான் கடைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. டிஸ்கில் இரண்டாவதாக ஒரு டைரக்டரி இருக்கிறது, கடைசி வருடங்களில் அடித்தது, வேறொரு எடிட்டரில். அட்டவணை அதற்குப் பொருந்தவில்லை. சொற்களை எண்ணிப் பார்த்தேன். வரிக்கு 9, 11, 7, 12, 10. எல்லாம் உரைநடை.